அடுக்குக்கு ஓர் அங்குலம்

2026 பெப்ரவரி 12, வியாழன்

கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தேன். மூடித்தான் இருந்தது. அதற்குள் வேலைக்குப் போகும் பலாபத்வல பஸ் போய்விட்டது. பிந்திப் போனதற்கு ஸஜீதா மேடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் மத்தியானம் வரை பயமாக இருந்தது.

மேடத்தின் கறுவாப்பட்டைக் கொட்டகையில் ஏற்றுமதிக் கடதாசி வேலையெல்லாம் என் பொறுப்பு. இத்தனை வருஷமும் கறுவாவைக் கட்டுக் கட்டாகக் கொழும்பு வியாபாரிகளுக்குக் கொடுத்தோம், நானும் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அமெரிக்கா. அங்கே ஒரு கம்பனி, விரல் நீளத்துக்கு வெட்டிய கறுவாவைப் பெட்டியில் கேட்கிறது. அதற்கென்றே பொதி அறை ஒன்று திறந்து பதினொரு பெண்களை எடுத்திருக்கிறோம். எல்லாரும் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருப்பது சுந்தரம்மா, என் சித்தி. நான்தான் கூட்டி வந்து சேர்த்தேன்.

முதல் சரக்கு ஜனவரியில் கப்பலேறியது. ஆறு மரத்தட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து அடுக்குப் பெட்டி. அங்கே இறங்கிவிட்டதாம். இனி லொறியில் வாடிக்கைக்காரரின் வாசல் வரை போகவேண்டும். அந்த லொறிக் கூலியும் நம் பொறுப்புத்தான். லொறிக்கான கடதாசியில் சரக்கு எந்த வகுப்பு என்று எழுதியது நான்.

நூறு என்று எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

சரியாகத்தானே எழுதினேன்?

பெப்ரவரி 17, செவ்வாய்

மெயில் வந்திருச்சு. முதல்ல தண்ணி குடிக்கணும்.

சரி. குடித்தாயிற்று. அங்குள்ள லொறிக் கம்பனி நம் தட்டுகளை ஏதோ இயந்திரத்தில் வைத்து அளந்திருக்கிறது. வகுப்பு நூறு இல்லையாம், நூற்றிருபத்தைந்தாம். கூடுதல் கூலி நம் தலையில். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாடிக்கைக்காரர் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறார். அடுத்த சரக்கும் இப்படிக் கடதாசியில் ஒன்று, கையில் ஒன்று என்று வந்தால், இந்தக் கொடுக்கல் வாங்கலை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாமாம்.

நிறுத்தினால் பொதி அறை இல்லை. பதினொரு பேரும் வீட்டுக்கு. சித்திக்கு மறுபடியும் முதுகில் கொழுந்துக் கூடை.

இந்த வகுப்பு விவகாரத்தை எனக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. ஒரு வெப்தளத்தைப் பார்த்து நானே படித்தேன். லொறிக்காரனுக்குப் பாரம் மட்டும் கணக்கில்லை, அந்தப் பாரம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதும் கணக்கு. ஒரே அளவுப் பொரி மூட்டையும் சீனி மூட்டையும் லொறியில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் பொரி ஏற்றியவனுக்கு டீசல் காசும் தேறாது. அதனால் ஒரு கன அடி இடத்துக்குள் எத்தனை இறாத்தல் அடங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். (இறாத்தல் என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு இத்தனை நாளும் அது பாண் வாங்கும் அளவு மட்டும்தான்.) நெருக்கமாக அடங்கிய சாமானுக்குச் சின்ன வகுப்பு, குறைந்த கூலி. பொரி மாதிரிச் சாமானுக்குப் பெரிய வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வகுப்பேறினால் கொண்டாட்டம். இங்கே ஏறினால் நாசம்.

எங்களுக்குக் கோடு எட்டில் இருக்கிறது. கன அடிக்கு எட்டு இறாத்தலோ அதற்கு மேலோ இருந்தால் வகுப்பு நூறு. எட்டுக்கு மயிரிழை குறைந்தாலும் நூற்றிருபத்தைந்து. என் கணக்கில் எட்டு தசம் நான்கு (8.4) வந்தது. அவர்கள் கணக்கில் ஏழு தசம் ஒன்பது.

பாரம் குறையவில்லை. சொல்லப்போனால் நான் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. உயரம்தான் மாறியிருக்கிறது. ஒரு தட்டின் உயரம் அறுபது அங்குலம் என்று எழுதினேன். இயந்திரம் அறுபத்தைந்து என்கிறது.

அந்த ஐந்து அங்குலம் எங்கிருந்து வந்தது?

பெப்ரவரி 18, புதன்

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. நோன்பு தொடங்கப் போகிறது, வீட்டு வேலை இருக்கும், தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதெல்லாம் இல்லை. பயம்.

வெற்றுப் பெட்டி ஒன்றை எடுத்து அளந்தேன். அச்சடித்திருக்கும் அளவு சரிதான். ஐந்தால் பெருக்கி, மரத்தட்டின் உயரத்தைக் கூட்டினேன். அறுபது. மறுபடியும் அளந்தேன். அறுபது. அப்போதுதான் உறைத்தது: நான் எப்போதுமே வெற்றுப் பெட்டியைத்தானே அளந்திருக்கிறேன்! நிரப்பி, அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றிய பிறகு ஒரு தடவைகூட டேப்பைப் பிடிக்கவில்லை. கேஸை மூன்று தடவை பார்க்கிறவள் இதை ஒரு தடவை பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ரமேஸ் ரிவர்ஸ்டனிலிருந்து போனில் பேசினார். அங்கே ஒரு தங்குவிடுதியில் சமையல், வாரக்கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பயப்படாத விசயம் ஒண்ணு சொல்லு, கேப்போம்" என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

பெப்ரவரி 20, வெள்ளி

இன்று சொன்னேன். கத்துவார் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். கத்தவில்லை. நோன்புக் களைப்போடு மெயிலை இரண்டு தரம் வாசித்தார்.

"பொட்டி கடல்ல வளந்திச்சா, நிரஞ்சனி?"

"தெரியல மேடம்."

"தெரியாட்டி எப்பிடி?"

பேசாமல் நூற்றிருபத்தைந்து என்றே எழுதி அனுப்பினால் என்ன என்று கேட்டேன். வாய் தவறித்தான் கேட்டுவிட்டேன்.

"அப்ப அந்தாள் தார வெல கூலிக்கே போயிரும். நான் என்னத்துக்கு யாவாரம் பண்ற? மார்ச் பன்னெண்டு அடுத்தது ஏத்தணும். அதுக்குள்ள அந்த அஞ்சி அங்குலம் எங்க ஈக்கிதுண்டு பாத்துச் செல்லு. இல்லாட்டி எங்களுக்கு ஏலாதுண்டு எழுதிப் போடுறேன். பழைய மாதிரி கொழும்புக்கே குடுப்பம்."

கொழும்புக்குக் கொடுக்கப் பொதி அறை தேவையில்லை. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 23, திங்கள்

வேவு பார்க்கிற மாதிரித் தெரியக்கூடாது என்று லேபல் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பொதி அறை மூலையில் நின்றேன்.

சித்தி பெட்டியைத் தராசில் வைத்து நிரப்புகிறார். பதினொரு கிலோ வந்ததும் பச்சை விளக்கு. பெட்டியைக் கீழே இறக்குகிறார். மூடுவதற்கு முன்பு, பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே, குவியலிலிருந்து இரண்டு கையாலும் ஒரு பிடி அள்ளி மேலே வைக்கிறார். பிறகு முழங்காலால் மூடியை ஓர் அமுக்கு, டேப். மற்றவர்களும் அப்படியே செய்கிறார்கள். சித்தியைப் பார்த்துப் பழகியது.

மூடிய பெட்டி ஒன்றைத் தடவிப் பார்த்தேன். நடுவில் உப்பி நிற்கிறது. ஓர் அங்குலம் இருக்கும். அதன் மேல் அடுத்தது, அதுவும் ஓர் அங்குலம். ஐந்து அடுக்கு.

கண்டுபிடிச்சாச்சு. சந்தோசம்தானே வரணும்? அள்ளி வைக்கிறது என் சித்தியாச்சே.

பெப்ரவரி 24, செவ்வாய்

ஏன் ஒரு பிடி கூடப் போடுகிறார் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நானும் லயத்தில் பிறந்தவள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். தராசு என்ன காட்டினாலும் கணக்கில் ஏறுவது வேறு. அளவு குறைந்தால் அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம். அதனால் ஒரு பிடி கூடவே கொண்டுபோவார்கள். எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், குறைகிறது என்று மட்டும் ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. சித்தி முப்பது வருஷம் அப்படிக் கொண்டுபோனவர். நான் கேஸைப் பார்க்கிற மாதிரி அவருக்கு அந்தப் பிடி.

மேடத்திடம் சொன்னால் சித்திக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் போகும்.

பெப்ரவரி 26, வியாழன்

மாத்தளை பஸ் நிலையத்தில், எல்கடுவ பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சித்தியிடம் சொன்னேன். எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாக.

"கூடப் போட்டது தப்பா? கொறைச்சுப் போட்டாத்தானே தப்பு?"

"தப்புன்னு சொல்லல சித்தி. மூடி மேல வந்துருது. அங்க மெசின் அந்த உசரத்தையும் சேத்து அளக்குது."

"நான் ஒரு குச்சி வீட்டுக்குக் கொண்டு போயிருக்கேனா? கேளு. கேட்ல நிக்கிற ஆளைக் கேளு."

"ஐயோ, அப்படி யாரு சொன்னா?"

"நீதான் சொல்ற."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். சன்னலோர இடம் கிடைத்தும் என் பக்கம் திரும்பவில்லை.

பெப்ரவரி 27, வெள்ளி

சித்தி வேலைக்கு வரவில்லை.

பெப்ரவரி 28, சனி

இன்றும் இல்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மேடம் கேட்டார். காய்ச்சல் என்றேன். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். மேடம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அறைக்குள் மற்றப் பெண்கள் பேச்சை விட்டுவிட்டார்கள். சித்தி இல்லாமல், வழக்கமாக ஒரு நாளைக்கு முடிகிறதில் பாதிப் பெட்டிகூட முடியவில்லை. பன்னிரண்டாம் திகதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணப் பயமாக இருக்கிறது. எண்ணவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

எல்கடுவ போய் வந்தேன். இதை ஒழுங்காக எழுதவேண்டும், மறந்துவிடக் கூடாது.

அம்மன் தேர் நெருங்குவதால் பஸ்ஸில் எள் போட இடமில்லை. நவம்பர் மழையில் சரிந்த இடத்தில் இன்னும் ஒரு பக்கத்து ரோடுதான் இருக்கிறது. வெளிப்பக்கம் பார்த்தால் கீழே தேயிலை, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சித்தி கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது? திறந்து, போ என்று சொல்லிவிட்டால்?

கண்டக்டர், "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட!" என்று முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். எங்கே போவது? ஒருவரும் அசையவில்லை. டிரைவர் வேண்டுமென்றே ஒரு பிரேக் போட்டான். பஸ் முழுக்கக் குலுங்கி, எல்லாரும் ஏசிக்கொண்டே ஒருவர் இடுக்கில் ஒருவர் பொருந்தி நின்றோம். பின் வாசலில் மூன்று பேர் ஏற இடம் வந்துவிட்டது. அதே பஸ்தான். கூரை உயரவில்லை.

கண்ணைத் திறந்துவிட்டேன். நாங்கள் பெட்டியைக் குலுக்குவதே இல்லையே!

குச்சிகள் உள்ளே கண்டபடி கிடக்கின்றன. இடையிலெல்லாம் காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் லொறிக்காரன் கூலி கேட்கிறான். மூடுவதற்கு முன்பே குலுக்கிப் படியவைத்தால் சித்தியின் பிடியும் மூடிக்குக் கீழே அடங்கிவிடும். பெட்டி உயராது, பாரம் மட்டும் கூடும். பாரம் கூடினால் நல்லதுதானே? பிரச்சினை அந்தப் பிடியில் இல்லை, அது உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது.

சித்தி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் தேத்தண்ணி வந்தது. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தராசு முன்னாடி நின்னா கை தானா போவுது புள்ள. போடாட்டி நெஞ்சு படபடங்குது. யாரோ பின்னாடி நின்னு கொறையுது, கொறையுதுன்னு சொல்ற மாதிரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படபடப்பு எனக்குத் தெரியாததா?

"மேடம்கிட்ட நானே சொல்றேன். காய்ச்சல்னு சொன்னியாமே? உனக்குப் பொய் வராது, எதுக்குச் சொல்ற?"

மார்ச் 3, செவ்வாய்

சித்தி வந்தார். நேரே மேடத்தின் மேசைக்குப் போய், "நான்தாங்க ஒவ்வொரு பொட்டியிலயும் ஒரு பிடி கூடப் போட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

மேடம் எழுந்து பொதி அறைக்குப் போனார். அந்தப் பிடியை அள்ளிக் காட்டச் சொன்னார். சித்தி அள்ளினார். இரண்டு குச்சி கீழே விழுந்தன. மேடம் தராசைக் காட்டி, இதில் வை என்றார். இருநூறு கிராம்.

"இம்மட்டையும் எழுதாம ஏன் சும்மா குடுக்கிற?"

"சும்மாதாங்க குடுப்போம். அதை எங்கயும் எழுத மாட்டாங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நிரஞ்சனி, இனி லேபல்ல பதினொண்டு தசம் ரெண்டுண்டு அடி. வெலப்பத்திரத்திலயும் அப்பிடியே போடு. மூடி மட்டும் எழும்பக்கூடாது." அவ்வளவுதான் சொன்னார்.

முதல் குலுக்கு படுதோல்வி. பெட்டியைத் தூக்கித் தரையில் குத்தினோம், அடியில் கிடந்த குச்சியெல்லாம் நொறுங்கிவிட்டன. பிறகு இரண்டு பக்கமும் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல் ஆட்டிப் பார்த்தோம். சரசரவென்று படிந்தன. பிடியைப் போட்டோம். மூடி தட்டையாக மூடியது.

தட்டையாகத்தான் மூடியது. மூன்று தடவை தடவிப் பார்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பொதி வேலை முடிகிறது. சித்தி பதினொன்று தசம் இரண்டுக்கு நிறுக்கிறார், ஆட்டுகிறார். எல்லாம் முடிந்து மூடுகிற சமயத்தில் சட்டென்று மூன்று குச்சியை உள்ளே செருகிவிடுகிறார். மூன்று குச்சியால் ஒன்றும் ஆகாது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஏற்றியாயிற்று. இந்தத் தடவை பிளாஸ்டிக் சுற்றிய பிறகு ஒவ்வொரு தட்டையும் நானே டேப் பிடித்து அளந்தேன். அறுபது, அறுபது, எல்லாம் அறுபது. கணக்குப் போட்டால் எட்டரை. வகுப்பு நூறு. எழுதும்போது பேனா இரண்டு தரம் நின்றது.

லொறி கண்டி ரோட்டில் திரும்பும் வரை சித்தி வாசலில் நின்றார். "அங்க கழிச்சிருவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கழிக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கே பயமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. ரமேஸ் வந்திருக்கிறார். கோயிலில் நின்று, என் சரக்கு உப்பிவிடக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

அங்கே இறங்கிவிட்டது. இனி அந்த இயந்திரம்.

ஏப்ரல் 27, திங்கள்

மெயில் இல்லை. போன் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். நிறுத்தினால் இன்னும் பயம். திரும்பவும் போட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

மெயில் இல்லை. இல்லாதது நல்லதா, கெட்டதா? கடல்ல ஏதும் ஈரம் பட்டிருக்குமோ? பெட்டி ஊறி உப்பியிருந்தா? நான் மழையை நினைக்கவே இல்லையே. கடவுளே.

மே 5, செவ்வாய்

லொறிக் கம்பனியின் பற்றுச்சீட்டு வந்தது. வகுப்பு நூறு. உயரம் அறுபது. திருத்தம் ஏதுமில்லை.

வேறு யாருக்கோ போகவேண்டியது நமக்கு வந்துவிட்டதோ என்று கம்பனிப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நம் பெயர்தான். வாடிக்கைக்காரரிடமிருந்தும் ஒரு வரி இருந்தது. அடுத்த தடவை எட்டுத் தட்டு வேண்டுமாம். மேடத்திடம் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "இனியாவது நேரத்துக்கு வா" என்றார். அந்தக் காலைப் பஸ்ஸை அவர் மறக்கவே இல்லை.

சித்தியிடம் சொல்லப் பொதி அறைக்குப் போனேன்.

"கழிக்கலியா?"

"ஒண்ணுமே கழிக்கல சித்தி."

லேபல் ஒட்டிய ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "இதுல நம்ம பிடி எது?" என்று கேட்டார். புள்ளிக்குப் பிறகு இருக்கும் இரண்டைக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பிறகு அடுத்த பெட்டியைத் தராசில் ஏற்றினார். பதினொன்று தசம் இரண்டு வந்தது. ஆட்டினார். படிந்ததும் மூடி டேப் போட்டார். அதற்கு மேல் ஒரு குச்சியும் போடவில்லை.